நிலையிலிருந்து நிலத்துக்கு: ‘எஸ்டேட்’ என்னும் சொல்லின் வரலாறு



நாம் கூடியிருக்கும் இவ்வட்டாரத்தின் பெயரே சொல்லாராய்ச்சிக்கு இடம் தருவது. ‘புக்கிட்’ என்பது மலாய் மொழியில் குன்று. ‘பாத்தோக்’ என்பதற்கு விளக்கங்கள் பல. ஜாவானிய மொழியில் அது தேங்காய்ச் சிரட்டையைக் குறிப்பதால், தென்னை வளர்ந்த குன்று என்பர் சிலர். கல்லைக் குறிக்கும் ‘பாத்து’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்பர் வேறு சிலர். இங்கிருந்த கருங்கல் உடைப்புகளில் வெடி வைத்தபோது எழுந்த ஓசை இருமலை ஒத்திருந்தமையால், இருமலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே பெயராயிற்று என்பாரும் உளர். ஒரு பெயருக்குப் பல கதைகள் அமைவது இவ்வகை. இன்று நான் எடுத்துக்கொண்டது இதற்கு மறுதலையானது. ஒரே பிறப்புடைய சொல் ஒன்று பல பொருள்களை ஏற்றுக் கடல் கடந்து நம்மிடம் வந்த கதை அது. அச்சொல் ‘எஸ்டேட்’.

புக்கிட் பாத்தோக்கில் வாழும் ஒருவர் இச்சொல்லை ஒரே நாளில் நான்கைந்து பொருள்களில் கேட்கக்கூடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் அமைந்த பகுதி ‘ஹவுசிங் எஸ்டேட்’. பட்டறைகளும் சிறு தொழிற்கூடங்களும் அமைந்த பகுதி ‘இண்டஸ்டிரியல் எஸ்டேட்’. வீடு வாங்கவும் விற்கவும் துணை நிற்பவர் ‘ரியல் எஸ்டேட்’ முகவர். உயில் எழுதச் சென்றால் வழக்குரைஞர் ‘உங்கள் எஸ்டேட்’ என்று பேச்சைத் தொடங்குவார். வீட்டிலுள்ள பாட்டியார் ‘நாங்கள் எஸ்டேட்டில் இருந்த காலத்தில்’ என்று தொடங்கினால், அது ஜொகூரிலோ பேராக்கிலோ இருந்த ரப்பர்த் தோட்டம்.

இவை அனைத்தையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்த்துவிட இயலாது. தமிழ் ஓரிடத்தில் தோட்டம் என்கிறது. ஓரிடத்தில் பேட்டை என்கிறது. பிறிதோரிடத்தில் சொத்து என்றும் ஜமீன் என்றும் சொல்கிறது. எந்தச் சொல்லை எங்கே ஆள்வது என்பது அகராதியைப் புரட்டிய அளவில் முடிந்துவிடும் வேலையன்று. நிலம் யாருடையது, அதில் குடியிருந்து உழைத்தவர் யார், அவர்க்கு அந்நிலத்தின்மேல் என்ன உரிமை இருந்தது என்ற வினாக்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னே நிற்கின்றன. அவ்வரலாற்றை அறியாமல் பெயர்த்தால், சொல் தமிழாகும். பொருள் தமிழருக்கு எட்டாது. இதுவே என் உரையின் மையக் கருத்து.

1. பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழிலக்கணத்துக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் இரு வகையாகப் பகுத்துப் பேசப்படுகிறது. வினையால் பொருள் வேறுபடுவது ஒரு வகை. வினையால் வேறுபடாமல் நிற்பது மற்றொரு வகை. முன்னதன் பொருள், சிறப்பு வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்பது ஆசிரியர் கருத்து. ‘மா’ என்ற சொல் மரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். பூத்தது என்றால் மரம், ஓடியது என்றால் விலங்கு. திவாகரம் முதலிய நிகண்டுகளும் ஒருசொல் பல்பொருட் பெயர்க்கெனத் தனித் தொகுதியே வகுத்தன.

இங்கே இக்கால மொழியியல் ஒரு வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்லும். மரமாகிய ‘மா’வுக்கும் விலங்காகிய ‘மா’வுக்கும் பொருளளவில் உறவில்லை, ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவே. ‘எஸ்டேட்’ அத்தகையதன்று. அதன் பொருள்கள் யாவும் ஒரு வேரினின்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிளைத்தவை. முன்னதை ஒப்புருச் சொல் என்றும் பின்னதைப் பல்பொருண்மை என்றும் பிரித்தறியலாம். ஒப்புருச் சொல்லுக்கு வரலாறு தேவையில்லை, சூழல் போதும். பல்பொருண்மைச் சொல்லுக்குச் சூழலோடு வரலாறும் வேண்டும்.

2. நிற்றலும் நிலையும்

‘எஸ்டேட்’ என்பதன் மூலம் இலத்தீன் மொழியில் ‘நில்’ என்னும் பொருளுடைய வினைச்சொல். அதிலிருந்து ‘நிலை’ என்னும் பொருளில் ‘ஸ்டாட்டுஸ்’ பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழி பேசியோர்க்குச் சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்’ என்னும் ஒலியோடு மற்றொரு மெய் மயங்கி வருவது எளிதாக வாய்க்கவில்லை. முன்னே ஓர் உயிரைச் சேர்த்து ‘எஸ்டாட்’ என்றனர். நம் கிராமத்தார் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பது போன்றதே இது. அவ்வுயிரோடு அச்சொல் 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்குச் சென்று ‘எஸ்டேட்’ ஆயிற்று. முன்னுயிர் நீங்கிய வடிவமே ‘ஸ்டேட்’. இலத்தீனிலிருந்து பிற்காலத்தில் நேரே எடுத்துக்கொண்ட வடிவம் ‘ஸ்டேட்டஸ்’. மூன்றும் உடன்பிறந்தவை.

தமிழிலும் இதே உருவகம் உண்டு. ‘நில்’ என்பதிலிருந்து ‘நிலை’ பிறக்கிறது. ‘நிலம்’ என்பதையும் அவ்வேரோடு இணைத்துக் காட்டுவோர் உளர். அதனை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. எனினும் நிற்றல், நிலை, நிலம் என்னும் மூன்றும் மனத்தில் அருகருகே இருப்பவை என்பதில் ஐயமில்லை. பண்டு பெரிய நிலவுலகைக் குறித்த ‘மாநிலம்’ இன்று ‘ஸ்டேட்’ என்பதன் ஒரு பொருளுக்குப் பெயராகி நிற்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

ஆக, ‘எஸ்டேட்’ முதலில் நிலத்தைக் குறிக்கவில்லை. மனிதன் நிற்கும் நிலையைக் குறித்தது. பின்னர்ச் சமுதாயத்தில் அவனுக்குரிய படிநிலையைக் குறித்தது. பிரான்சில் குருமார், பிரபுக்கள், ஏனைய மக்கள் என மூன்று ‘எஸ்டேட்’டுகள் எண்ணப்பட்டன. 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த அம்மூவர் பேரவை 1789 மே மாதம் வெர்சாயில் கூடியது. அடுத்த மாதம் 17ஆம் நாள், மூன்றாம் படிநிலையினர் தம்மையே தேசிய அவையாக அறிவித்துக்கொண்டனர். பிரெஞ்சுப் புரட்சியின் திருப்புமுனைகளுள் அது ஒன்று.

செய்தித்துறையை ‘நான்காவது எஸ்டேட்’ என்று சொல்லும் வழக்கு இதிலிருந்தே வந்தது. 1841இல் வெளிவந்த நூலொன்றில் தாமஸ் கார்லைல் அத்தொடரை எட்மண்ட் பர்க் கூறியதாகக் குறிப்பிட்டார். தமிழில் இதனை ‘மக்களாட்சியின் நான்காவது தூண்’ என்கிறோம். அழகிய தொடர்தான், ஆயின் கணக்கு மாறிவிட்டது. சட்டமன்றம், ஆட்சித்துறை, நீதித்துறை ஆகிய மூன்று தூண்களுக்கு அடுத்தது என்று நாம் எண்ணுகிறோம். மூலத்தில் எண்ணப்பட்டவை அரசின் துறைகள் அல்ல. பிறப்பாலும் பதவியாலும் அமைந்த மனிதப் பிரிவுகள். தூண் என்னும் சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. அதனை மாற்ற வேண்டுவதில்லை. எதிலிருந்து எதற்கு வந்தோம் என்பதை மாணவர் அறிந்தாற் போதும்.

3. நிலம் யாருடையது?

நிலையைக் குறித்த சொல் நிலத்தைக் குறிக்கத் தொடங்கியதற்கு ஆங்கிலேயச் சட்டமே காரணம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், நிலம் யாவும் முடிவில் மன்னருடையது என்னும் கொள்கை வலுப்பெற்றது. குடிமகன் நிலத்தை உடையவன் அல்லன். அந்நிலத்தைப் பொறுத்து அவனுக்கு ஒரு ‘நிலை’ உண்டு. அந்நிலையை அளக்கும் கோல் காலம். வழிவழியாகச் செல்லும் உரிமை ஒரு வகை ‘எஸ்டேட்’. வாழ்நாள் அளவில் முடியும் உரிமை மற்றொரு வகை. குறித்த ஆண்டுகளுக்கான குத்தகை வேறொரு வகை. சட்டமொழியில் நிலத்தின்மேல் ஒருவர்க்கு இருக்கும் உரிமையின் பெயராக இருந்தது, மக்கள் வழக்கில் அந்நிலத்தின் பெயராகவே மாறிற்று. பெரிய பண்ணைநிலமும் மாளிகையும் ‘எஸ்டேட்’ எனப்பட்டன. பின்புறம் நீண்டு பொருள் ஏற்றும் இடமுடைய காரைப் பிரிட்டனில் ‘எஸ்டேட் கார்’ என்பதும் இவ்வழியில் வந்ததே.

இறந்தவர் விட்டுச்சென்ற பொருள், கடன், உரிமை அனைத்தின் தொகுதிக்கும் ‘எஸ்டேட்’ என்றே பெயர். அதன்மேல் விதிக்கப்பட்ட வரியை இந்தியா 1985இல் நீக்கியது. சிங்கப்பூர் 2008 பிப்ரவரி 15 முதல் நீக்கியது. ‘ரியல் எஸ்டேட்’ என்பதிலுள்ள ‘ரியல்’ உண்மை என்னும் பொருளினதன்று; பொருள் எனப் பொருள்படும் இலத்தீன்ச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘அசையாச் சொத்து’ என்பது அதன் கருத்தைச் செவ்வனே தருகிறது. நாட்டு வழக்கில் ‘நிலபுலன்’, ‘வீடு வாசல்’, ‘தோட்டம் துரவு’ என்னும் இணைமொழிகள் அதனினும் உயிருடன் நிற்கின்றன.

4. தமிழ்நாட்டில்: ஜமீன்

தமிழ்நாட்டுக்குச் சட்டச் சொல்லாக ‘எஸ்டேட்’ வந்தபோது அது ஜமீனைக் குறித்தது. 1802இல் சென்னை மாகாணத்தில் நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவரப்பட்டது. பாளையக்காரர் பலர் ஜமீன்தார் ஆயினர்; அரசுக்குக் குறித்த தொகையைச் செலுத்தும் கடப்பாட்டுடன் பெருநிலப்பரப்புகள் அவர்கள் கையில் இருந்தன. இராமநாதபுரம், சிவகங்கை முதலியன ஆங்கில ஆவணங்களில் ‘எஸ்டேட்’ எனப்பட்டன. உழுதவருக்குச் சில உரிமைகளைத் தந்த 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘எஸ்டேட்’ உண்டு. ஜமீன்களை ஒழித்து இரயத்துவாரி முறைக்கு மாற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் அது உண்டு. பின்னதைத் தமிழர் ‘ஜமீன் ஒழிப்புச் சட்டம்’ என்றே அறிவர். எவரும் அதனைத் ‘தோட்ட ஒழிப்புச் சட்டம்’ என்று சொல்லவில்லை. வரலாற்றுப் பாடத்தில் அவ்வாறு பெயர்த்தால், ஒரு நூற்றாண்டுக்கு மேலான உழவர் போராட்டம் ஏதோ மரம் வெட்டிய செய்தியாகிவிடும்.

5. கடல் கடந்தபின்: தோட்டம்

ஜமீன் நிலங்களிலும் பிற கிராமங்களிலும் நிலமின்றி உழைத்தோர் பலர் 19ஆம் நூற்றாண்டில் கடல் கடந்தனர். அவர்கள் சென்ற இடத்திலும் அதே ஆங்கிலச் சொல் காத்திருந்தது. இலங்கையில் முதலில் காப்பி. 1869இல் இலைநோய் தோன்றிக் காப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டுக்கு முன், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ரப்பர். 1877இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்ரி ரிட்லி, மரத்துக்கு ஊறு நேராமல் பால் எடுக்கும் முறையை வகுத்து, ரப்பர் பயிரிடுமாறு முதலாளிகளை ஓயாமல் வற்புறுத்தினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் வணிக அளவில் ரப்பர் பயிரிட்டார். அடுத்த பதின்மூன்று பதினான்கு ஆண்டுகளில் ரப்பர் மலாயாவின் முகத்தையே மாற்றியது.

அஸ்ஸாமில் தேயிலை நிலத்தை ஆங்கிலேயர் ‘கார்டன்’ என்றனர். இலங்கையிலும் மலாயாவிலும் ‘எஸ்டேட்’ என்றனர். தமிழ்த் தொழிலாளர் இதற்கு இட்ட பெயர் ‘தோட்டம்’. ஊரில் தோட்டம் என்பது வீட்டை ஒட்டிய காய்கறி நிலம். கொங்கு நாட்டிலோ கிணற்றுப் பாசனமுள்ள நிலம். இரண்டும் கண்ணுக்கெட்டிய அளவின. உழைப்பவரின் கைக்கு நெருக்கமானவை. அச்சொல்லை ஆயிரக்கணக்கான ஏக்கர் அளவுள்ள ஒரு நிறுவனத்தின்மேல் அவர்கள் ஏற்றினர். ஆங்கிலச் சொல் உடைமையாளரின் நோக்கிலிருந்து அவ்விடத்தைப் பார்த்தது. தமிழ்ச் சொல் மண்ணில் நின்று வேலை செய்தவரின் நோக்கிலிருந்து பார்த்தது. பெயரிடும் உரிமை ஒன்றாவது அவர்களிடம் இருந்தது.

தோட்டத்துக்குள் ஒரு சொல்லுலகமே உருவாயிற்று. வரிசை வீடுகள் ஆங்கில ‘லைன்’ என்பதிலிருந்து ‘லயம்’ ஆயின. ஆள் திரட்டி வந்து வேலை வாங்கியவர் கங்காணி, கணக்கெழுதியவர் கிராணி, நிர்வாகி துரை. ரப்பர் மரம் பால்மரம் ஆனது. சீவுதல் பால்வெட்டு ஆனது. கோயிலும் கடையும் பள்ளியும் எல்லைக்குள் அமைந்தன. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நாளடைவில் ‘நீங்கள் எந்தத் தோட்டம்?’ என்னும் வினா, தமிழ்நாட்டில் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதற்கு ஈடாயிற்று. நிலவகையின் பெயர் பிறந்த மண்ணின் பெயராக உயர்ந்தது.

ஆயினும் அம்மண் அவர்களுடையதாகவில்லை. வேலை போனால் வீடும் போகும் என்பதே லயத்தின் விதி. 1950களிலும் 1960களிலும் மலாயாவில் பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது இது கண்கூடாயிற்று. அந்நிகழ்வுக்குத் தமிழர் இட்ட பெயர் ‘தோட்டத் துண்டாடல்’. அதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, தாம் உழைத்த தோட்டங்களுக்குப் பங்குதாரர் ஆகலாம் என்பது அதன் நோக்கம். சட்டமொழியில் சொன்னால், ‘எஸ்டேட்’டில் வாழ்ந்தோர் ‘எஸ்டேட்’ பெற முயன்ற முயற்சி அது.

6. நிலம் மீண்டும் நிலையான இடம்: இலங்கை

இச்சொல்லின் கதையில் மிகத் துயரமான பகுதி இலங்கையில் நிகழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், மலையகத்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியோர் எனப் பிரித்து, எஞ்சிய 150,000 பேரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளி வைத்தது. நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் தான் நிறைவேறியது.

இலங்கையின் புள்ளிவிவரங்கள் நாட்டை நகரம், கிராமம், ‘எஸ்டேட்’ என மூன்று துறைகளாகப் பகுத்து வந்தன. 20 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ளதும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருப்பதுமான பயிர்நிலம் ‘எஸ்டேட்’ என வரையறுக்கப்பட்டது. தமிழில் ‘பெருந்தோட்டத் துறை’ என்பர். மனிதர் வாழும் ஊர் நகரமாகவோ கிராமமாகவோ இருப்பது உலக இயல்பு. இங்கே மூன்றாவதாக ஒன்று உண்டு. அங்கு வாழ்வோர் நகரத்தாரும் அல்லர், கிராமத்தாரும் அல்லர். தனி முகவரி இல்லாமல், தோட்ட அலுவலகத்தின் வழியே கடிதம் பெற்றுத் தலைமுறைகள் கழிந்தன.

பிரான்சின் மூன்று படிநிலைகளை இங்கே நினைவுகூர்க. மனிதரின் படிநிலையைக் குறித்துப் பிறந்த சொல் நிலத்தைக் குறித்தது. பிறகு அந்நிலத்தில் வாழ்ந்தோரின் படிநிலையைக் குறிப்பதாக அது திரும்பிவந்தது. அந்நிலத்தில் அவர்களுக்கு உடைமை இல்லை. எனினும் அந்நிலத்தின் பெயர் அவர்கள்மேல் முத்திரையாக விழுந்தது. ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல் பிறந்த சூழல் இதுவே. அதனை மறுத்து ‘மலையகத் தமிழர்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டது அம்மக்களின் அரசியற் செயல். மொழிச் செயலும் ஆகும். ஆங்கிலத்தில் ‘எஸ்டேட் தமிழர்’ என வருமிடத்தில், மொழிபெயர்ப்பாளர் எச்சொல்லைத் தெரிந்தெடுக்கிறார் என்பது அம்மக்களை எங்கே நிறுத்துகிறார் என்பதைக் காட்டிவிடும்.

7. சிங்கப்பூரில்: பேட்டை

சிங்கப்பூரின் வடக்கிலும் மேற்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நகரம் வளர்ந்தபோது அவை வீட்டுமனைகள் ஆயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் நிறுவனமாகத் தோன்றிய புக்கிட் செம்பவாங், இன்று வீடு கட்டி விற்கும் நிறுவனம். அதன் பெயரில் ‘எஸ்டேட்ஸ்’ இன்னும் இருக்கிறது. எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது.

பொது வீடமைப்பில் இச்சொல் வேறு வழியே வந்தது. 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, 1936இல் தியோங் பாரு எஸ்டேட்டின் முதல் வீடுகளைத் திறந்தது. இவ்வட்டாரத்தை ஒட்டி ஹில்வியூவில் 1950களில் பிரின்சஸ் எலிசபெத் எஸ்டேட் இருந்தது. அக்குடியிருப்பு மறைந்தபின்னும் அப்பெயரைத் தாங்கிய தொடக்கப்பள்ளி புக்கிட் பாத்தோக்கில் இருக்கிறது. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்க வழி திறந்தது. கல்லுடைப்புகளும் கம்பங்களும் இருந்த புக்கிட் பாத்தோக் 1980களில் புதுநகராக எழுந்தது. 1990 மார்ச்சில் பெருவிரைவு ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

இந்த ‘எஸ்டேட்’டை நாம் தோட்டம் என்று சொல்லவில்லை. ‘குடியிருப்புப் பேட்டை’ என்றோம். வட்டாரம் என்றும் சொல்கிறோம். தொழிற்கூடங்கள் அமைந்ததைத் ‘தொழிற்பேட்டை’ என்றோம். 1958இல் சென்னைக் கிண்டியில் அமைந்த தொழிற்பேட்டையும், 1961 முதல் உருவான ஜூரோங் தொழிற்பேட்டையும் இச்சொல்லைப் பரப்பின. இத்தேர்வு மிகப் பொருத்தமானது. பேட்டை என்பது கோட்டையை அல்லது நகரை அடுத்திருந்த வணிகக் குடியிருப்பு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் இனச்சொற்கள் உண்டு. 1734இல் சென்னையில் ஆங்கிலேயக் கும்பினி நெசவாளரைக் குடியமர்த்தி உருவாக்கிய சிந்தாதிரிப்பேட்டையைப் பாருங்கள். வீடும் தறியும் ஒரே இடத்தில் இருந்தன. குடியிருப்புப் பேட்டையும் தொழிற்பேட்டையும் அங்கே ஒன்றாகவே இருந்தன. வண்ணாரப்பேட்டையும் தொழிலால் பெயர் பெற்றதே.

மற்றொரு சுவையான செய்தி: இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் ‘பேட்டை’யைத் தம் மொழிக்குக் கடன் வாங்கினர். கொழும்பில் கோட்டைக்கு வெளியே உள்ள கடைவீதிப் பகுதியை ஆங்கிலத்தில் ‘பெட்டா’ என்பது அதனாலேதான். தமிழர் அவ்விடத்தைப் புறக்கோட்டை என்பர். நம்மிடமிருந்து அவர்கள் கடன்கொண்ட சொல்லையே, அவர்களுடைய ‘எஸ்டேட்’டைப் பெயர்க்க நாம் எடுத்துக்கொண்டோம்.

நம் அண்டை மொழியான மலாயும் ஒரே சொல்லால் இதனைப் பெயர்ப்பதில்லை. பயிர்நிலம் ‘லாடாங்’, குடியிருப்பு ‘தாமான்’, இறந்தவர் சொத்து ‘ஹர்த்தா புசாக்கா’. ‘தாமான்’ என்பதன் மூலப்பொருள் பூந்தோட்டம். மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் பெயர்ந்தன என்கிறோம். சொல்லளவில் அது தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குச் சென்றதே. வாழ்வளவில் அவ்விரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு வீட்டுப் பத்திரம்.

8. வகுப்பறையில்

ஆசிரியர்கள் இச்சொல்லை எவ்வாறு கற்பிக்கலாம்? தொல்காப்பியம் தந்த மூன்று கருவிகளே இன்றும் போதுமானவை. முதலாவது வினை. எஸ்டேட்டில் பால் வெட்டினார்கள் என்றால் தோட்டம். எஸ்டேட்டைப் பங்கிட்டார்கள் என்றால் பெரும்பாலும் இறந்தவர் சொத்து. எஸ்டேட்டைப் புதுப்பித்தார்கள் என்றால் குடியிருப்புப் பேட்டை. இரண்டாவது இனம். உடன்வரும் சொற்கள் கங்காணியும் லயமும் ஆயின் ஒரு பொருள். வாரிசும் உயிலும் ஆயின் ஒரு பொருள். மின்தூக்கியும் நகர மன்றமும் ஆயின் ஒரு பொருள். மூன்றாவது சார்பு. எந்த நாடு, எந்த ஆண்டு, யார் பேசுகிறார் என்பதே சார்பு. 1908ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்திலுள்ள சொல்லும் 2008ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் வரவுசெலவுத் திட்டத்திலுள்ள சொல்லும் எழுத்தால் ஒன்று; பொருளால் வேறு.

இது தேர்வுக்கான பயிற்சி மட்டுமன்று. மத்திய சேம நிதியிலுள்ள பணம் ஒருவருடைய ‘எஸ்டேட்’டில் சேராது, அதற்குத் தனியே நியமனம் செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அச்சொல்லை ஒருவர் பேட்டை என்று பெயர்த்தால் முதியவர் ஒன்றும் புரியாமல் விடுவார். பொதுப்படச் சொத்து என்று மட்டும் பெயர்த்தால், அந்தப் பணம் தம் சொத்தே அன்று என மயங்குவார். ‘உயில்வழிச் சேரும் சொத்து’ என்று விளக்கமாகச் சொன்னாலே அவர் வேண்டியதைச் செய்வார். ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஒரு சொல்லின் பெயர்ப்பைச் சார்ந்து நிற்கிறது.

மாணவர்க்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். மூன்று தலைமுறைகளைக் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டனார் எஸ்டேட்டில் பிறந்தார். அவர்க்கு எந்த எஸ்டேட்டும் இல்லை. மகள் சிங்கப்பூருக்கு வந்து ஓர் எஸ்டேட்டில் வீடு வாங்கினார். 99 ஆண்டுக் குத்தகையாகிய அவ்வுரிமையும் சட்டமொழியில் ஓர் எஸ்டேட். அவர் காலத்துக்குப்பின் அவ்வீடு அவருடைய எஸ்டேட்டில் சேர்ந்து பெயர்த்திக்கு வரும். இவ்வரிகளில் எஸ்டேட் வருமிடந்தோறும் தக்க தமிழ்ச் சொல்லை இட்டுப் பாருங்கள். தோட்டத்தில் தொடங்கிப் பேட்டை வழியே சொத்து வரை வருவீர்கள்.

அப்பயிற்சியை முடித்தபின் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தக் கம்பத்திலிருந்து வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அகராதியில் ஒரு வரியாக நிற்கும் பொருளுக்கு அவர்களிடம் ஒரு வாழ்நாள் அளவு விளக்கம் இருக்கும். அதனைக் கேட்டு எழுதுவதற்கான காலம் நம் கையில் மிகுதியாக இல்லை.